பெயிண்டுக்குப் பிடித்த ஒரு மாத வாடகை

வீட்டைக் காலி செய்யும் நாளில் சென்னையில் போடப்படும் கணக்கு எல்லாருக்கும் பழகியதுதான். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவார். எண்ணிப் பார்த்தால் ஒரு மாத வாடகை குறையும். "பெயிண்டுக்குப் பிடிச்சிருக்கேன் சார், எல்லா இடத்துலயும் அதான வழக்கம்" என்பார். நானும் மூன்று வீடுகளில் அப்படிக் கொடுத்துவிட்டு வந்தவன். அவற்றில் ஒன்று, நாங்கள் பால் காய்ச்சிக் குடிபோன அன்றைக்கே வடக்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து கிடந்த வீடு. நான்கு ஆண்டுகள் அந்தச் சுவரோரம் துணி அலமாரியை வைக்க முடியாமல் இருந்தோம். கடைசியில் அந்தச் சுவருக்கும் சேர்த்துத்தான் பணம் பிடித்தார்கள். வழக்கம் என்றார்கள், சட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டத்தைப் படித்தது வெகுகாலம் கழித்து. 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தின் பின்னிணைப்பில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. வாடகை வீட்டில் எந்த வேலை யாருடையது என்று அதில் பிரித்து எழுதியிருக்கிறார்கள். உரிமையாளர் பக்கம் நான்கே வரிகள். கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், குடியிருப்பவர் கெடுத்தவை நீங்கலாக. தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது. உள்ளும் புறமுமான மின்கம்பி வேலை. இவற்றோடு இன்னொரு வரி: சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்திடாதவரை, பெயிண்ட் வீட்டுக்காரரின் செலவு. நகரம் முழுக்கக் குடியிருப்பவரிடம் பிடிக்கப்படும் பணம், சட்டப்படி அவர் தர வேண்டியதே அல்ல.

குடியிருப்பவர் பக்கத்துப் பட்டியல் நீளமானது; ஆனால் சில்லறை வேலைகளால் ஆனது. குழாய் வாஷர், அடைத்துக்கொண்ட சாக்கடை, ஸ்விட்ச், பிளக், கீசர், பூட்டு, தாழ்ப்பாள், கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி. பிரித்தவர்களின் நோக்கம் விளங்குகிறது. கைபட்டுத் தேய்வது குடியிருப்பவருக்கு. மழையும் வெயிலும் வயதும் தேய்ப்பது உடையவருக்கு. நியாயமான கோடு இது. இருந்தும் இது ஏன் தெருவுக்கு வரவில்லை என்பதுதான் என் கேள்வி. பதில் தேடப்போனால் சட்டத்தின் வேர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் குத்தகைக்கும் வாடகைக்கும் அடிப்படை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவு இரு தரப்பின் கடமைகளையும் அடுக்குகிறது. உடையவருக்குத் தெரிந்து, குடிவருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ வீடு இனி உதவாது என்ற நிலைக்குப் போனால் குடியிருப்பவர் விரும்பினால் குத்தகையை முறித்துக்கொள்ளலாம். பழுதைப் பற்றியும் ஓர் உட்பிரிவு உண்டு: உடையவர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். முதல் வாசிப்பில் குடியிருப்பவருக்கு நல்ல ஆயுதம் போலத் தோன்றும். "கடமைப்பட்ட" என்ற சொல்லில் நின்று பார்த்தால் ஆயுதம் கையைவிட்டு நழுவுகிறது. எந்தப் பழுதுக்கு அவர் கடமைப்பட்டவர் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. வேறு சட்டம் விதித்திருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

இந்த மௌனம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பழைய பொதுச் சட்டத்தின் பார்வையில் குத்தகை என்பது நிலம். உழவன் நிலத்தை எடுக்கிறான். அதன்மேல் நிற்கும் குடிசையை அவனே வேய்ந்துகொள்வான். எடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. இந்தக் கோட்பாட்டைக் கொஞ்சம் கீறியது 1843-இல் வந்த ஸ்மித் – மாரபிள் வழக்கு. பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் மேசை, கட்டில் சகிதம் சில வாரங்களுக்கு விடப்பட்ட ஒரு வீடு. உள்ளே போனால் மூட்டைப்பூச்சி. குடிபோனவர்கள் சில நாளில் வெளியேறினார்கள். மீதி வாடகை தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம், சாமான்களோடு விடும் வீடு வாழத் தக்கதாக இருப்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்று. சலுகை சாமான்களோடு விடப்பட்ட வீட்டுக்கு மட்டும்தான். வெறும் வீட்டை எடுத்த ஏழைக்கு அது இல்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1885-இல் ஒரு கடமை விதிக்கப்பட்டது. குறைந்த வாடகை வீடுகளுக்கு மட்டும் என்று வரம்பும் வைத்தார்கள். பின்னாளில் அந்த வரம்பு ஆண்டுக்கு லண்டனில் 80 பவுன், மற்ற ஊர்களில் 52 பவுன் என்று 1957-இல் நின்றது. அதன்பின் யாரும் உயர்த்தவில்லை. வாடகைகள் எங்கோ போய்விட்டன. சட்டம் ஏட்டில் இருந்தது. அதற்குள் அடங்கும் வீடுதான் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. வாழத் தக்க வீடு என்ற கடமையை அங்கே மறுபடி உயிர்ப்பித்தது 2018-இன் சட்டம். ஒரு கடமையை நீக்காமலே சாகடிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நிலம் என்ற பழைய எண்ணத்தை நேராக உடைத்தது அமெரிக்காவின் தலைநகரில் 1970-இல் வந்த ஒரு தீர்ப்பு. வாஷிங்டனின் கிளிஃப்டன் டெரஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள் வாடகையை நிறுத்தினார்கள். உரிமையாளர் நிறுவனம் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டது. வீட்டு வசதி விதிகளுக்கு எதிராக ஏறத்தாழ 1,500 மீறல்கள் அந்தக் கட்டடத்தில் உள்ளன என்பது குடியிருந்தவர்களின் பதில். ஜாவின்ஸ் வழக்கு என்று அறியப்படும் அதில் நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட் எடுத்த நிலை எளிமையானது. நகரத்து மனிதர் மூன்றாம் மாடியில் எடுப்பது மண்ணை அல்ல. சுவர், கூரை, வெளிச்சம், காற்று, தண்ணீர், கதவின் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்த ஒன்றை. அது கிடைக்கவில்லையென்றால் வாடகை என்ற கடனும் முழுசாக நிற்காது. வாடகையும் பழுதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை என்று சொன்னதுதான் அந்தத் தீர்ப்பின் வலிமை.

சென்னையில் அந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கவிழ்த்த கதை வேறு. போர்க்காலத்தில், 1941-இல், மதராஸில் முதல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று சட்டங்கள். 1960-இன் சட்டம்தான் 2019 வரை நீடித்தது. அதிலும் பழுதுக்கு ஒரு பிரிவு இருந்தது. அறிவிப்புக் கொடுத்தும் உரிமையாளர் பழுதுபார்க்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு, அவர் அனுமதியோடு குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் நியாய வாடகை என்பது, குடியிருப்பு வீட்டுக்குக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு. அதையும் வழக்காடி நிர்ணயித்து வாங்க வேண்டும். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் இருந்த ஸ்டோர் வீடுகளில் வாடகை ஏறாமலே கிடந்தது. கொத்தனார் கூலி ஏறியது, மரம் ஏறியது, சுண்ணாம்பு ஏறியது. வாடகையில் கை வைக்க முடியாத உரிமையாளர்கள் செலவில் கை வைத்தார்கள். கூரை ஒழுகட்டும், குடியிருப்பவரே சலித்துப் போய்விடுவார் என்று காத்திருந்தவர்களும் உண்டு. குடியிருந்தவர்களும் போகவில்லை. அந்த வாடகைக்கு வேறு எங்கே போவது?

இதற்கு நடுவே "பழுது" என்ற சொல்லே சட்டத்துக்குள் பக்கம் மாறியது. 1960-இன் சட்டத்தில் 14-ஆம் பிரிவு உரிமையாளருக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருந்தது. பழுதுபார்க்க வேண்டும் என்று காலி செய்யச் சொல்லலாம். அப்படியானால் வேலை முடிந்ததும் பழைய குடியிருப்பாளருக்கே திரும்பத் தருவேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். இடித்துக் கட்டப் போகிறேன் என்றும் சொல்லலாம். அப்போது ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிப்பேன் என்ற உறுதி போதும். பழைய குடி திரும்பி வரும் பேச்சே கிடையாது. பழுதுபார்த்தால் அதே வாடகை, அதே ஆள். இடித்தால் புது வாடகை, புது ஆள். எந்த வழியில் கூட்டம் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இடிக்க எவ்வளவு சிதைந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஓர் அண்ட் சன்ஸ் குடியிருந்த கட்டடம் பற்றிய வழக்கில், உடனே இடித்தாக வேண்டிய நிலையில் கட்டடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. 1996-இல் விஜய் சிங் – விஜயலட்சுமி அம்மாள் வழக்கில் அது தளர்ந்தது. உரிமையாளரின் நோக்கம் உண்மையானதா, கட்டடத்தின் வயதும் நிலையும் என்ன, திரும்பக் கட்டப் பண வசதி உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். நாளைக்கே விழும் நிலை வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பில் நான் குறை காணவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் கட்டடம் எவ்வளவு மோசம் என்று நிரூபிக்க முயன்றவர் உரிமையாளர்; "அவ்வளவு மோசமில்லை, இன்னும் தாங்கும்" என்று வாதாடியவர் அதன் கீழே படுத்து உறங்கியவர். கடமைப்பட்டவரும் உரிமைப்பட்டவரும் இடம் மாறி நின்ற கூண்டு அது.

கட்டடத்தின் பக்கமிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த ஸ்டோர் வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்துச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்தது. ஓட்டு இணைப்புகளை மழைக்கு முன்னால் பார்த்துப் பூசினால் தலைமுறைகள் தாண்டும். பார்க்காமல் விட்டால் தண்ணீர் உத்திரத்தின் முனைக்குப் போகும். மரம் சுவருக்குள் நுழையும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல், மக்கும். இன்றைய கான்கிரீட் தளமும் வேறு வழியில் அதே கதைதான். சென்னையின் காற்றில் கடலுப்பு இருக்கிறது. விரிசல் வழியே ஈரமும் உப்பும் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்டு நெருக்கி மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறதே, அது தொடக்கம் அல்ல. பல மழைக்காலங்களின் முடிவு. முதல் ஆண்டில் மொட்டை மாடித் தளத்தைச் சரிசெய்தால் சில ஆயிரத்தில் முடியும் வேலை. கம்பி வெளியே தெரிந்தபின் அது லட்சத்தைத் தொடும். பூசி மறைக்கும் வெள்ளை அதற்கு மருந்தாகாது. பழுதுபார்க்கும் கடமையில் "எப்போது" என்பது "எவ்வளவு" என்பதைவிடப் பெரியது.

இந்தக் காலக் கேள்வியில்தான் புதிய சட்டம் தடுமாறுகிறது. உரிமையாளர் தம் பங்கு வேலையை நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்கிறது. எந்த மாதத்திலும் கழிக்கும் தொகை வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? சொல்லவில்லை. பாதி என்ற வரம்பைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபாய். கூரை வேலைக்கு 60,000 ஆகிறது. குடியிருப்பவர் தம் கைக்காசைப் போட வேண்டும். மாதம் 7,500 வீதம் கழித்தால் முழுப் பணம் திரும்ப எட்டு மாதம். அவருடைய ஒப்பந்தமோ வழக்கமான 11 மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்த வழக்கம் அந்தப் பதினொன்று. புதிய சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஆனாலும் கையில் பழைய முத்திரைத்தாள் ஒப்பந்தத்தோடு குடியிருப்பவர்களே என்னைச் சுற்றி அதிகம். நான்காம் மாதத்தில் கூரை ஒழுகினால், போட்ட காசு திரும்புவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். மழையில் ஒழுகும் கூரைக்கு அறுபதாயிரம் கடன் வாங்கிப் போட்டவருக்கு, அடுத்த ஆண்டு அந்தக் கூரைக்குக் கீழ் இருப்போமா என்பதே தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் அட்வான்ஸ் இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்பது சட்டம். சென்னையில் பத்து மாதம் என்பது நெடுங்கால வழக்கம். இன்று ஆறு, ஐந்து என்று இறங்கியிருக்கிறது, எல்லா இடத்திலும் அல்ல. குடியிருப்பவர் தம் பங்கைச் செய்யாவிட்டால் உரிமையாளர் வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தீர்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரிமையாளர் ஏற்கெனவே கையில் இருக்கும் பணத்தில் பிடிக்கிறார், ஒரே நாளில். குடியிருப்பவர் இல்லாத பணத்தைச் செலவழித்து மாதாமாதம் பாதி பாதியாக மீட்க வேண்டும், அதுவும் காலி செய்யச் சொல்ல அதிகாரமுள்ள ஒருவரிடமிருந்து. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சட்டத்தை மீறியும் செழிப்பதற்கும், கூரைக்கு வாடகையில் கழிப்பது சட்டம் அனுமதித்தும் நடக்காததற்கும் காரணம் ஒன்றே. பணம் யார் கையில் முதலில் இருக்கிறது என்பது.

அச்சமும் இருக்கிறது. இந்த நகரத்தில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அது தெரியும். என்ன சாதி, என்ன மதம், அசைவமா, குடும்பமா பேச்சிலரா, தனியாக இருக்கும் பெண்ணா என்ற கேள்விகளைத் தாண்டி ஒரு கதவு திறந்தபின், அந்த வீட்டுக்காரரிடம் "அங்கிள், பாத்ரூம் சுவத்துல தண்ணி இறங்குது" என்று இரண்டாம் முறை சொல்ல யாருக்கும் நா எழாது. முதல் முறை "பாக்கலாம்மா" என்பார். மூன்றாம் முறை, "புடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கோங்க". ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த "வேற வீடு" எவ்வளவு தூரம் என்பதை மறந்துவிட்டுப் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. பழைய சட்டம் குடியிருப்பவரை அசைக்க முடியாதவராக வைத்தது. உரிமையாளரிடம் பழுதுபார்க்க வாடகை இல்லாமல் செய்தது. புதிய சட்டம் ஒப்புக்கொண்ட வாடகையை உரிமையாளருக்குத் தந்தது. பழுதைக் கேட்கக் குடியிருப்பவருக்குக் காலூன்ற இடம் தரவில்லை. வாடகை, இருப்பு, பழுது மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள். ஒன்றை மட்டும் முறுக்கினால் மற்றவை பிரிகின்றன.

உரிமையாளர் எல்லாரும் செல்வந்தர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் மாடி வாடகையை நம்பி மாத்திரை வாங்கும் முதியவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுபதாயிரம் என்பது ஓராண்டு மருந்து. அதற்காகக் கடமை குறையாது. ஆனால் தண்டனையைவிட முன்கூட்டிய சேமிப்பு அவர்களுக்கு உதவும். வாடகையில் ஒரு சிறு பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்குவது, அடுக்குமாடிச் சங்கங்கள் பராமரிப்புக் கட்டணம் வாங்குவது போன்றதுதான்.

காலக் கேள்விக்கு இங்கிலாந்து அண்மையில் எண்களால் பதில் சொல்லியிருக்கிறது, ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகு. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில், வீட்டு வசதிச் சங்கம் ஒன்று வாடகைக்கு விட்டிருந்த வீட்டில், சுவரெல்லாம் படர்ந்த பூஞ்சையால் சுவாசம் பாதிக்கப்பட்டு இரண்டு வயது அவாப் இஷாக் இறந்தான். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அவன் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபரில் சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும். ஆபத்தான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். "நியாயமான காலம்" என்ற சொல்லை நம் சட்டத்திலும் இப்படி நாள்களாக எழுதலாம். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரையைப் பார்க்கும் கடமையை மாதத்தின் பெயரோடே எழுதலாம். குறையைத் தெரிவித்த ஆறு மாதத்துக்குள் அந்தக் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொன்னால் காரணத்தை நிரூபிக்கும் சுமை உரிமையாளருக்கு என்றும் எழுதலாம். அந்தக் கடைசி வரி இல்லாமல் மற்ற இரண்டும் வேலை செய்யாது என்பது என் எண்ணம்.

அதுவரை கையிலிருப்பது அறிவிப்பு ஒன்றுதான். 1882-இன் சட்டம் அறிவிப்பிலிருந்தே கடிகாரத்தை ஓட்டுகிறது; 2019 வரை இருந்த 1960-இன் சட்டமும் அப்படித்தான் ஓட்டியது. இங்கிலாந்தில் 1973-இல் ஓபிரையன் – ராபின்சன் வழக்கில், படுக்கையறைக் கூரைப்பூச்சு மேலே விழுந்து காயமடைந்த தம்பதி தோற்றார்கள். அந்தக் குறை உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை என்பது காரணம். படிக்கட்டில் பார்த்தபோது சொன்னது அறிவிப்பாக நிற்பது கடினம். தேதியிட்ட கடிதம், வாட்ஸப் செய்தி, குடிபோன அன்றே சுவர்களை எடுத்த படங்கள், கொத்தனார் எழுதித் தந்த மதிப்பீட்டுச் சீட்டு ஆகியவை நிற்கும். என் வடக்குச் சுவருக்கு அப்படி ஒரு படம் இருந்திருந்தால், காலி செய்த நாளில் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

குறையை முதலில் பார்ப்பவர் உள்ளே இருப்பவர்தான். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், அரசு ஒதுக்கிய அடுக்குமாடி ஒன்றில், ஓர் இரவில் சுவரில் விரிசல் ஓடுவதைக் குடியிருந்தவர்கள் கண்டார்கள். மறுநாள் 27-ஆம் தேதி காலை குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். 24 வீடுகள் அவர்கள் கண் முன்னால் இடிந்து விழுந்தன. உள்ளே யாரும் இல்லை.